மேல்வீட்டிலிருந்து ஒழுகுகிறது, போர்டு கைவிரிக்கிறது: நியூயார்க் கோ-ஆப்பில் மெயின்டனன்ஸை நிறுத்தி வைக்கலாமா?

ஆறாம்மாடி கேட்டது:

வணக்கம். குயின்ஸில் ஏழு மாடி கோ-ஆப் கட்டடம், 1950களில் கட்டியது. ஆறாம் மாடி வீட்டின் குளியலறைக் கூரையில் ஐந்து வாரமாக ஈரம். முதலில் தட்டு அளவுக்கு மஞ்சள் கறை இருந்தது. இப்போது ப்ளாஸ்டர் உப்பி ஒரு மூலை உதிர்ந்துவிட்டது, சுவரோரம் கறுப்பாகப் பூஞ்சையும் பிடித்திருக்கிறது.

மேல்வீடு போர்டின் (கட்டடத்தை நடத்தும் இயக்குநர் குழு) பொருளாளருடையது. மூன்று ஆண்டுக்கு முன் அந்தக் குளியலறையில் தொட்டியை எடுத்துவிட்டு ஷவர் வைத்தார்கள். "சூப்பர் (கட்டடப் பராமரிப்பாளர்) வந்து பார்த்தாயிற்று, கட்டடக் குழாயில் கோளாறில்லை, உங்கள் இன்சூரன்ஸில் கேளுங்கள்" என்று மேனேஜிங் ஏஜென்ட் போனில் சொல்கிறார். எழுத்தில் எதுவும் தரவில்லை.

கூரையைச் சரிசெய்வது யார் பொறுப்பு? சரிசெய்யும் வரை மெயின்டனன்ஸ் (மாதப் பராமரிப்புக் கட்டணம்) கட்டாமல் இருக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள், அது சரியா? பொருளாளரே தன் வீட்டு விவகாரத்தில் போர்டில் முடிவெடுக்கலாமா? என் தம்பி காண்டோ (வீடே நம் பெயரில் இருக்கும் அடுக்குமாடி வீடு) வாங்கப் பார்க்கிறான். இதே சிக்கல் காண்டோவில் வந்தால் சட்டம் ஒன்றுதானா?

பத்திநான்கு:

முதலில் மூலக் காகிதத்தைக் கையில் எடுங்கள். கோ-ஆப்பில் வீடு உங்கள் பெயரில் இல்லை. கட்டடம் ஒரு நிறுவனத்துடையது, உங்களிடம் இருப்பது அதன் பங்குகள். அந்தப் பங்குகளோடு சேர்ந்து வரும் ப்ரொப்ரைட்டரி லீஸ்தான் உங்களுக்கும் கட்டடத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். வீடு வாங்கியபோது வந்த காகிதக் கட்டில் அது இருக்கும். இல்லாவிட்டால் மேனேஜிங் ஏஜென்ட்டிடம் எழுதிக் கேளுங்கள்.

நியூயார்க்கில் பெரும்பாலான கட்டடங்கள் ஏறக்குறைய ஒரே அச்சு லீஸைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் 2, 4, 18, 25 ஆகிய பத்திகள் உங்களுக்கு வேண்டும். உங்கள் கட்டடத்தில் எண் மாறியிருக்கலாம், தலைப்பைப் பார்த்துத் தேடுங்கள்.

2ஆம் பத்தியின்படி வீடுகள் உட்பட முழுக் கட்டடத்தையும் நல்ல நிலையில் வைத்திருப்பது நிறுவனத்தின் கடமை. 18ஆம் பத்தியில் பங்குதாரர் தலையில் வெளிப்படையாக ஏற்றியவை மட்டும் இதற்கு விலக்கு. அந்த 18ஆம் பத்தியில்தான் சண்டையே வருகிறது. வீட்டின் உட்சுவர், தரை, கூரை ஆகியவற்றைப் பங்குதாரர் பராமரிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி உண்டு. போர்டு அதைத்தான் தூக்கிக் காட்டும். அதற்கு உங்கள் பதில் 4ஆம் பத்தி. கட்டடங்கள் வழக்கமாக எடுக்கும் இன்சூரன்ஸில் அடங்கும் காரணத்தால் வீடு சேதமானால், சுவர், தரை, கூரை, குழாய், ஒயர் எல்லாவற்றையும் நிறுவனமே தன் செலவில், காலம் கடத்தாமல் சரிசெய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. பெயின்ட், வால்பேப்பர், தரைப் பாலிஷ், நீங்களோ உங்களுக்கு முன் இருந்தவரோ சொந்தமாகப் பொருத்தியவை, மரச்சாமான்கள் ஆகியவை அதில் வராது. சுருக்கமாக, ப்ளாஸ்டர் அவர்களுடையது, அதன்மேல் பூசும் வண்ணம் உங்களுடையது.

குழாயிலும் இதே கோடுதான். சுவருக்குள், தரைக்கடியில் ஓடும் கட்டடத்தின் அசல் குழாய் நிறுவனத்துடையது. வெளியே தெரியும் குழாய், ஷவர், டாய்லெட் போன்றவை அந்தந்தப் பங்குதாரருடையவை. ஒரு பங்குதாரர் தன் விருப்பத்துக்குச் சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ புதிதாகப் போட்ட குழாயும் அவருடைய பொறுப்பே. மேல்வீட்டில் தொட்டியை எடுத்து ஷவர் வைத்தார்கள் என்றீர்களே, அந்த வேலைக்கு ஆல்டரேஷன் அக்ரிமென்ட் (வீட்டில் மாற்றம் செய்யுமுன் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தம்) கையெழுத்தாகியிருக்க வேண்டும். அந்த வேலையால் பிறகு வரும் கசிவுக்கும் சேதத்துக்கும் செய்தவரே பொறுப்பு, வீட்டை விற்றால் வாங்கியவர் பொறுப்பு என்று அதில் பெரும்பாலும் இருக்கும்.

போன் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். லீஸில் நோட்டீஸ் பற்றிய பத்தி ஒன்று உண்டு (அச்சு வடிவத்தில் 27). நேரில் கொடுக்க வேண்டும், அல்லது திரும்பு ரசீதுடன் சர்ட்டிஃபைட் தபாலில் அனுப்ப வேண்டும் என்று அது கேட்கும். அதன்படி நிறுவனத்துக்கு அனுப்பி, மேனேஜிங் ஏஜென்ட்டுக்கு நகல் வையுங்கள். ஈரத்தை முதலில் கண்ட தேதி, யாரிடம் எப்போது சொன்னீர்கள், படங்கள், 2 மற்றும் 4ஆம் பத்திகளின்படி சரிசெய்யக் கோருவது, 25ஆம் பத்தியின்படி மேல்வீட்டுக்குள் சென்று சோதிக்கக் கோருவது, உரிமம் பெற்ற ப்ளம்பரின் எழுத்துமூல அறிக்கை, ஆல்டரேஷன் அக்ரிமென்ட்டின் நகல், பதிலுக்கு ஒரு தேதி: இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். கோபத்தை அதில் எழுத வேண்டாம். ஓராண்டு கழித்து நீதிபதி படிக்கப் போகும் கடிதம் அது.

ரைசர்:

பத்திநான்கு சொன்ன எல்லாமே ஒரு கேள்வியில் போய் நிற்கிறது: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அது தெரியாமல் யார் பொறுப்பு என்று வாதாடிப் பயனில்லை. சூப்பர் டார்ச் அடித்துப் பார்த்ததெல்லாம் சோதனை ஆகாது.

ஒழுகும் நேரத்தைக் கவனியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. இரவு பகல் விடாமல் ஒரே அளவில் சொட்டினால் அழுத்தத்தில் இருக்கும் குழாய், அதாவது ரைசர் (மாடிகளூடே நேராக ஏறும் தாய்க்குழாய்) அல்லது அதிலிருந்து பிரியும் கிளை. மேலே யாராவது குளித்து முடித்த அரைமணியில் ஈரம் கூடி, பிறகு காய்ந்தால் கழிவுநீர்க் குழாய் அல்லது ஷவர் தளம். டாய்லெட் ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் என்றால் அடியில் இருக்கும் மெழுகு வளையம், அல்லது பழைய கட்டடங்களில் உள்ள ஈய வளைவு. குளிர்காலத்தில் ஹீட் ஓடும்போது மட்டும் என்றால் ஸ்டீம் லைன். மழை பெய்து சில மணி நேரம் கழித்து என்றால் குழாயை மறந்துவிட்டு வெளிச்சுவரைப் பாருங்கள்.

தொட்டியை எடுத்து ஷவர் வைத்த இடங்களில் எப்போதும் தவறுவது தளத்துக்கடியில் விரிக்கும் நீர்த்தடுப்பு விரிப்பு. வாசல் திண்டின் மூலையில் அதை மடித்து ஏற்றாமல் வெட்டிவிடுவார்கள், அல்லது அதன் மேலேயே ஆணி அடிப்பார்கள். டிரெயினைச் சுற்றியுள்ள சிறு வடிதுளைகளை சிமென்ட் அடைத்துவிட்டால் டைலுக்கடியில் தண்ணீர் தேங்கி, மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். மூன்று ஆண்டு கழித்துத் தெரிவது இதனால்தான்.

இதை உறுதிசெய்ய வெள்ளச் சோதனை போதும். டிரெயினை ரப்பர் பலூனால் அடைத்து, திண்டுக்குக் கொஞ்சம் கீழ் வரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம் விட வேண்டும். மட்டம் இறங்கி உங்கள் கூரையில் ஈரம் ஏறினால் தளம்தான். மட்டம் அப்படியே நின்றால் அடைப்பை எடுத்துத் தண்ணீரை ஒரேயடியாக விடுங்கள். அப்போது ஒழுகினால் டிரெயின் இணைப்பு. அதுவும் இல்லையென்றால் ஷவரைச் சுவரில் நேராக அடித்துப் பாருங்கள், டைல் இடுக்கும் ஷவர் குழாயின் சுவர்த் துளையும் தெரிந்துவிடும். ஷவருக்கு ஒரு நிறம், டாய்லெட் தொட்டிக்கு வேறு நிறம் என்று சாயம் கலந்தால் கீழே எந்த நிறம் வருகிறது என்பதே சாட்சி.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: பின் வைத்த ஈரமானி ஒன்று வாங்கி, கூரையில் ஆறு புள்ளிகளைக் குறித்து, தினமும் ஒரே நேரத்தில் அளவெடுத்துத் தேதியோடு எழுதுங்கள். உப்பிய ப்ளாஸ்டர் கம்பி வலையோடு சேர்ந்து விழும், எடை அதிகம். அதன் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள். அந்தக் கூரையில் விளக்கு இருந்தால் அதன் பிரேக்கரை இறக்கிவிடுங்கள்.

ஒரு அடிக்கு ஒரு அடி துளை போட்டுப் பார்த்தால் ரைசரா இல்லையா என்பது ஐந்து நிமிடத்தில் தெரியும். ஆனால் நீங்களாக வெட்ட வேண்டாம். 1950களின் கட்டடத்தில் குழாயைச் சுற்றிய உறை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். 1987க்கு முந்தைய கட்டடங்களில் இப்படி இடிக்கும் வேலைக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை நகர விதியிலேயே இருக்கிறது. அதைச் செய்ய வைப்பது போர்டின் வேலை.

இன்னொன்று. டிரெயினை இடம் மாற்றியிருந்தால் கட்டடத் துறையின் பெர்மிட் இருக்க வேண்டும். முகவரியைப் போட்டு அந்தத் துறையின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பெர்மிட்டே இல்லையென்றால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்பின்சாலை:

மெயின்டனன்ஸ் கேள்விக்கு வருகிறேன். "கட்டாதே, தானாக வழிக்கு வருவார்கள்" என்ற அறிவுரை பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பித்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

நியூயார்க்கின் ரியல் ப்ராபர்ட்டி சட்டம் 235-பி பிரிவு, 1975இல் வந்தது. வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்கும் என்ற உறுதிமொழி ஒவ்வொரு குடியிருப்பு லீஸிலும் அடக்கம் என்கிறது. ப்ரொப்ரைட்டரி லீஸும் லீஸ்தான் என்பதால் கோ-ஆப் பங்குதாரருக்கும் அது பொருந்தும். இது உண்மையான பாதி.

மற்ற பாதி இப்படி நடக்கும். நீங்கள் கட்டாவிட்டால் லேட் ஃபீஸ் விழும். 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு, லீஸில் இடமிருந்தால் கோ-ஆப் மாத மெயின்டனன்ஸில் 8 சதவீதம் வரை போடலாம். அடுத்து 14 நாள் எழுத்துமூலக் கேட்பு வரும், அதன்பின் ஹவுசிங் கோர்ட்டில் பாக்கி வழக்கு. உங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியும் கோ-ஆப்பும் கையெழுத்திட்ட ரெகக்னிஷன் அக்ரிமென்ட் என்ற காகிதம் ஒன்று உண்டு. அதன்படி நீங்கள் பாக்கி வைத்திருப்பது வங்கிக்குத் தெரிவிக்கப்படும். வங்கி தானே கட்டிவிட்டு உங்கள் கடனில் ஏற்றிவிடலாம். அப்போது போர்டின் மேல் நெருக்கடி எதுவும் மிஞ்சாது, நெருக்கடி முழுவதும் உங்கள் மேல்.

கோர்ட்டில் 235-பியை எதிர்வாதமாக வைத்து வென்றாலும் எவ்வளவு குறையும்? வீட்டின் முழு மதிப்புக்கும், அந்தக் குறையோடு அதற்கு இருந்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசம்தான். 1979இல் மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றம் பார்க் வெஸ்ட் வழக்கில் வகுத்த அளவுகோல் அது. ஒரு குளியலறைக் கூரைக்கு முழு மெயின்டனன்ஸும் தள்ளுபடி ஆகாது, ஒரு பங்குதான் ஆகும். மீதியை நீங்கள் கட்டியாக வேண்டும். தோற்றால் அவர்களுடைய வக்கீல் செலவும் லீஸின்படி உங்கள் தலையில். (வென்றால் 234ஆம் பிரிவின்படி உங்கள் வக்கீல் செலவை அவர்களிடம் கேட்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். லீஸில் ஒருபக்கமாக எழுதியிருந்தாலும் சட்டம் அதை இருபக்கமாக்கிவிடுகிறது.)

ஆகவே என் கருத்து: கட்டுங்கள். ஒவ்வொரு மாதமும் "உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மறுபுறம் 311இல் (நகரின் புகார் எண்) புகார் பதியுங்கள். நகர வீட்டுவசதித் துறை ஆய்வாளர் வந்து பார்த்து மீறல் பதிவு செய்வார். பி வகை என்றால் 30 நாளில் சரிசெய்ய வேண்டும், சி வகை உடனடி ஆபத்து என்று கருதப்படுவதால் கெடு அதைவிடக் குறைவு. போர்டுக்கு நீங்கள் எழுதும் பத்துக் கடிதத்தைவிட நகரம் பதியும் ஒரு மீறலுக்குக் கனம் அதிகம், ஏனென்றால் கடன் கொடுப்பவரும் வாங்க வருபவரின் வக்கீலும் அதைப் பார்ப்பார்கள்.

அதற்கும் அசையாவிட்டால் ஹெச்பி வழக்கு (பழுதுபார்க்க வைக்கும் வழக்கு). குயின்ஸில் சட்பின் புலிவார்டில் உள்ள ஹவுசிங் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே போடலாம், கட்டணம் 45 டாலர். மனுவோடு ஆய்வுக் கோரிக்கைப் படிவத்தையும் நிரப்பிக் கொடுங்கள், விசாரணைத் தேதிக்கு முன்பே ஆய்வாளர் வந்துவிடுவார். இதில் பணம் கிடைக்காது, சரிசெய்யும்படி உத்தரவு கிடைக்கும். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது அதுதான்.

பூஞ்சை 10 சதுர அடியைத் தாண்டியிருக்கிறதா என்று அளந்து படமெடுங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடத்தில் அந்த அளவைத் தாண்டினால் மாநில உரிமம் பெற்றவர்தான் மதிப்பிட வேண்டும், உரிமம் பெற்றவர்தான் நீக்க வேண்டும். இரண்டையும் ஒரே நிறுவனம் செய்யக் கூடாது. சூப்பர் ப்ளீச் பாட்டிலோடு வந்தால் அனுமதிக்காதீர்கள்.

ஆறாம்மாடி:

மூவருக்கும் நன்றி. கவனித்ததில் இரவு பதினொரு மணிக்கு மேல் ஈரம் கூடவில்லை, காலை ஏழரைக்குப் பிறகு கூடுகிறது. அப்படியானால் மேல்வீட்டு ஷவர்தான் என்று நினைக்கிறேன். இன்சூரன்ஸில் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் தவறுக்கு என் பாலிசியில் ஏன் கேட்க வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம்.

பாலிசிபடி:

இன்றே சொல்லுங்கள். இந்த இழையில் அவசரமான விஷயம் இதுதான்.

கோ-ஆப், காண்டோ வீடுகளுக்கு எடுக்கும் ஹெச்ஓ-6 பாலிசியில் "திடீரென, எதிர்பாராமல்" வெளியேறும் தண்ணீருக்குத்தான் காப்பு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லக் கசிந்ததற்கு விலக்கு என்று பெரும்பாலான பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். நீங்கள் ஐந்து வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு நாள் தாமதமும் அந்த விலக்கின் பக்கம் உங்களைத் தள்ளுகிறது. சுவருக்குள் மறைந்திருந்த கசிவு, கண்டவுடன் தெரிவித்தேன் என்று சொல்லக்கூடிய நிலையில் இருப்பது முக்கியம். தெரிந்தும் சும்மா இருந்தார் என்ற வாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

தவறு யாருடையது என்பது உங்கள் பாலிசிக்கு முதல் கேள்வியே அல்ல. உங்கள் நிறுவனம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பொறுப்பானவரிடம் வசூலிக்க முயலும். அதில் ஒரு முடிச்சு உண்டு. ப்ரொப்ரைட்டரி லீஸிலும் ஆல்டரேஷன் அக்ரிமென்ட்டிலும் ஒருவர் மேல் ஒருவர் வசூலிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்தி இருந்தால், இன்சூரன்ஸ் கொடுத்த தொகையைத் திரும்பக் கேட்க முடியாமல் போகலாம். உங்கள் டிடக்டிபிளை (இன்சூரன்ஸ் கொடுக்குமுன் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) அந்தப் பத்தி எப்படிக் கையாள்கிறது என்பதை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

கட்டடத்தின் பாலிசி அசல் கட்டுமானத்தைப் பார்க்கும். வண்ணம், நீங்கள் போட்ட டைல், அலமாரி, துணிமணி உங்கள் பாலிசியில் வரும். கட்டடப் பாலிசியின் டிடக்டிபிள் பெரிதாக இருப்பதால்தான் ஏஜென்ட்கள் முதல் வேலையாக "உங்கள் இன்சூரன்ஸில் கேளுங்கள்" என்கிறார்கள். ப்ளாஸ்டர் செலவு அந்த டிடக்டிபிளுக்குக் கீழே இருந்தால் நிறுவனம் தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான். கடமை அதனால் மாறாது.

இழப்பு விவரப் படிவம் கேட்டு அனுப்பினால் 60 நாளில் கையெழுத்திட்டுத் திருப்ப வேண்டும். பாலிசியின் மேல் வழக்குப் போட நியூயார்க்கின் நிலையான தீ பாலிசி வாசகம் சேதம் தொடங்கியதிலிருந்து 24 மாதம் கொடுக்கிறது. உங்கள் பாலிசியில் என்ன என்று பாருங்கள். உதிர்ந்த ப்ளாஸ்டரில் ஒரு துண்டைப் பையில் போட்டு வையுங்கள், மதிப்பீட்டாளர் வரும்வரை எதையும் வீசாதீர்கள்.

மேல்வீட்டாரிடம் நேரடியாகக் கேட்பதானால் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். தண்ணீர் அவர் வீட்டிலிருந்து வந்தது என்பது மட்டும் போதாது. தெரிந்தும் விட்டார், அல்லது வேலையை ஒழுங்காகச் செய்விக்கவில்லை என்று காட்ட வேண்டும். அதனால்தான் அவருக்கும் தேதியிட்ட கடிதம் இன்றே போக வேண்டும். அதன் பிறகும் அந்த ஷவரில் குளித்தால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. நகர ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் 10,000 டாலர் வரை கேட்கலாம். காலவரம்பு 3 ஆண்டு.

ஐந்தாம்பிரிவு:

பொருளாளர் விஷயம். போர்டின் முடிவில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. 1990இல் லெவண்டஸ்கி வழக்கில் மாநில உச்ச நிலை நீதிமன்றம் வகுத்தபடி, போர்டு தன் அதிகாரத்துக்குள், நல்லெண்ணத்தோடு, கட்டடத்தின் நன்மைக்காக எடுத்த முடிவென்றால், அது சரியா தவறா என்று நீதிபதி ஆராய மாட்டார். பிசினஸ் ஜட்ஜ்மென்ட் ரூல் என்பது இதுதான். அந்த வழக்கும் குழாய்ச் சண்டையில்தான் தொடங்கியது: சமையலறை வேலைக்காக ஒரு பங்குதாரர் ஸ்டீம் ரைசரை நகர்த்தியதைப் போர்டு தடுத்தது.

ஆனால் இந்தக் கவசத்துக்கு இரண்டு ஓட்டை உண்டு. தன் சொந்த லாபத்துக்காக ஒரு இயக்குநர் முடிவைத் திருப்பினால் கவசம் போய்விடும். உங்கள் கடிதத்தில், பொருளாளர் இந்தப் பொருளில் விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் விலகியிருக்க வேண்டும், விலகியதை மினிட்ஸில் பதிய வேண்டும் என்று கேளுங்கள். திருடன் என்று சொல்லாமலே கேட்கக்கூடிய நியாயமான கோரிக்கை அது. மற்ற உறுப்பினர்கள் பெரும்பாலும் நிம்மதியாக ஒப்புக்கொள்வார்கள், அவர்களுக்கும் அது பாதுகாப்பு.

இரண்டாவது ஓட்டை உங்களுக்கு இன்னும் பயன்படும். லீஸ் என்ற ஒப்பந்தத்தை மீற அந்த விதி போர்டுக்கு உரிமம் தருவதில்லை. 1999இல் டினிகு வழக்கில் மன்ஹாட்டன், பிராங்ஸ் பகுதிகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் சொன்னது. ஆகவே "நாங்கள் விவாதித்து முடிவெடுத்தோம்" என்பது 4ஆம் பத்தி கடமைக்குப் பதில் ஆகாது.

காலவரம்பு முக்கியம். போர்டின் முடிவை ஆர்ட்டிகிள் 78 வழியில் எதிர்ப்பதானால் இறுதி முடிவு தெரிந்ததிலிருந்து 4 மாதம்தான். அது போனால் எல்லாம் போயிற்று.

பத்திநான்கு:

ஐந்தாம்பிரிவு சொன்ன கடைசி வரியை மட்டும் திருத்துகிறேன். 4 மாதம் என்பது போர்டு எடுத்த ஒரு முடிவை ரத்து செய்யக் கேட்பதற்கு. லீஸை மீறினார்கள் என்ற ஒப்பந்த வழக்குக்கு 6 ஆண்டு. ஆறாம்மாடிக்கு இருப்பது முக்கியமாக ஒப்பந்த வழக்கு. இருந்தாலும் போர்டு எழுத்தில் மறுத்தால் அந்தத் தேதியைக் குறித்து வைத்து, 4 மாதத்துக்குள் வக்கீலைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இது "முடிவை எதிர்ப்பது"தான் என்று அவர்கள் வக்கீல் வாதிடுவார்.

ஐந்தாம்பிரிவு:

ஒப்புக்கொள்கிறேன், அவசரத்தில் விரித்து எழுதிவிட்டேன்.

ஆவணங்கள் பற்றி: பிசினஸ் கார்ப்பரேஷன் சட்டம் 624ஆம் பிரிவின்படி 5 நாள் எழுத்துமூல நோட்டீஸ் கொடுத்துப் பங்குதாரர் பட்டியலையும் பங்குதாரர் கூட்ட மினிட்ஸையும் பார்க்கலாம். போர்டு கூட்ட மினிட்ஸ் அந்தப் பிரிவில் இல்லை. சட்டப்பிரிவுக்கு வெளியே, நியாயமான நோக்கம் காட்டினால் அதையும் கேட்கும் பொதுச்சட்ட உரிமை உண்டு. உங்கள் நோக்கம் தெளிவானது: இந்தக் கசிவு, இந்த ஆல்டரேஷன். "எல்லாக் கணக்கும் வேண்டும்" என்று விரிக்காமல் அதோடு நிறுத்திக் கேட்டால் மறுப்பது கடினம்.

தம்பியின் காண்டோ வேறு உலகம். அங்கே அவர் வீட்டுக்கு டீட் (கிரயப் பத்திரம்) வைத்திருக்கும் உரிமையாளர், லீஸே கிடையாது. லீஸ் இல்லாததால் 235-பியும் கிடையாது. ஃபிரிஷ் வழக்கில் 1993இல் இதை முடிவு செய்தார்கள். ஆகவே காமன் சார்ஜை (காண்டோவின் மாதக் கட்டணம்) நிறுத்தி வைப்பதற்குக் கோ-ஆப்பில் உள்ள அந்தப் பாதி நியாயம்கூட இல்லை. நிறுத்தினால் 339-இசட் பிரிவின்படி வீட்டின் மேல் லீன் (பாக்கிக்கான பிணை உரிமை) பதிவார்கள், பிறகு அடமானம் போலவே ஏலம் கேட்டு வழக்குப் போடலாம். யார் சரிசெய்வது என்பதை டிக்ளரேஷன் என்ற பதிவு ஆவணம் தீர்மானிக்கும்: வீட்டின் எல்லை ப்ளாஸ்டரின் உட்புறம் வரையா, அதற்குப் பின்னால் வரையா, ஒரு வீட்டுக்கு மட்டும் போகும் கிளைக்குழாய் யாருடையது. மாறாகப் போர்டு நடந்தால் 339-ஜே பிரிவின்படி வழக்கு. வாங்குமுன் டிக்ளரேஷன், பைலா, கடந்த இரண்டு மூன்று ஆண்டு போர்டு மினிட்ஸ், கணக்கறிக்கை ஆகியவற்றை வக்கீலிடம் படிக்கச் சொல்லுங்கள். மினிட்ஸில் "கசிவு" எத்தனை முறை வருகிறது, எந்த வரிசை வீடுகளில் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தால் ரைசர் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது, அதற்கான அசெஸ்மென்ட் (கூடுதல் வசூல்) வாங்குபவர் தலையில் விழும்.

ஆறாம்மாடி:

இன்சூரன்ஸில் பதிந்துவிட்டேன். போர்டுக்கும் மேல்வீட்டுக்கும் நாளை சர்ட்டிஃபைட் தபாலில் கடிதம் போகிறது. கடைசியாக ஒன்று: மேல்வீட்டார் சோதனைக்குக் கதவைத் திறக்க மறுத்தால்?

சட்பின்சாலை:

கட்டடத்துக்கு நுழையும் உரிமை உண்டு, உங்களுக்கு இல்லை. அதனால் நீங்கள் போய்த் தட்டாதீர்கள், போர்டைச் செய்ய வையுங்கள். நகர விதியின்படி ஆய்வுக்கு 24 மணி நேர நோட்டீஸ், பழுதுபார்க்க ஒரு வார எழுத்துமூல நோட்டீஸ். தண்ணீர் கொட்டுவது போன்ற அவசரம் என்றால் நோட்டீஸே வேண்டாம். மறுத்தால் லீஸ் மீறல் என்று குறைதீர் நோட்டீஸ் கொடுக்கலாம், பிறகு சுப்ரீம் கோர்ட்டில் (நியூயார்க்கில் இந்தப் பெயர் முதல்நிலை நீதிமன்றத்துக்கு) திறக்கும்படி உத்தரவு கேட்கலாம். போர்டு இதைச் செய்யாமல் இருந்தால், அதுவே உங்கள் ஹெச்பி மனுவில் நல்ல பத்தி.

ரைசர்:

நேரக் கணக்கு நன்றாகவே சொல்கிறது, ரைசர் அல்ல. வெள்ளச் சோதனை நடக்கும் நாளில் நீங்கள் கீழே இருந்து மணிக்கொரு முறை ஈரமானி அளவை எழுதுங்கள்.

கசிவு நின்ற மறுநாளே ப்ளாஸ்டர் பூச ஆள் வருவார்கள், விடாதீர்கள். பழைய கனமான ப்ளாஸ்டர் காய வாரக்கணக்கில் ஆகும். அந்த ஆறு புள்ளியிலும் அளவு, ஈரம் படாத வேறொரு அறைக் கூரையின் அளவுக்கு இறங்கிய பிறகுதான் மூட வேண்டும். கறை மறைக்கும் ப்ரைமரை ஈரத்தின் மேல் அடித்தால் இரண்டு மாதம் அழகாக இருக்கும், பிறகு அதே இடத்தில் பூஞ்சை வரும். அப்போது அது புதுக் கசிவா பழையதா என்ற சண்டையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மூடுவதற்கு முன் திறந்த கூரையைப் படமெடுத்து, குழாய் எங்கே போகிறது என்பதை அளவு நாடாவோடு பதிந்து வையுங்கள்.